பால் டிகிரியிலிருந்து லேப் டிப் வரை: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். பால் சொசைட்டி, தண்ணீர் மீட்டர், சுகர் மெஷின், சாயப்பட்டறை லேப் என்று இடம்தான் வேறு, கேள்வி ஒன்றுதான்: "மெஷின் இப்படிக் காட்டுது, நம்பலாமா?" அதனால் இந்த முறை மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அளக்கிற சமாச்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, எங்க மாட்டுப் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கறதில்லைங்க. கறந்த சூட்டோட சொசைட்டிக்குக் கொண்டுபோனா டிகிரி கம்மின்னு சொல்லிக் காசைக் குறைக்கறாங்க. அதே பாலை வீட்டுல வெச்சு, ஆறினப்புறம் லேக்டோமீட்டர் விட்டுப் பார்த்தா டிகிரி ஏறுது. யார் மேல தப்புங்க?"
(பால் ஊற்றும் ஒரு வாசகி, காங்கேயம் பக்கம்)

தப்பு பாலின் சூட்டில் இருக்கிறது அம்மிணி. லேக்டோமீட்டர் என்றால் தண்ணீர் கலப்படத்தைக் கண்டுபிடிக்கிற கருவி என்று ஊரே நம்புகிறது. அதற்குத் தண்ணீரும் தெரியாது, பாலும் தெரியாது. விட்ட திரவம் எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்ற ஆழத்தில் மிதக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. 28 என்று காட்டினால் பாலின் அடர்த்தி 1.028 என்று அர்த்தம். பசும்பால் சாதாரணமாக 28லிருந்து 30 வரை, எருமைப்பால் 30லிருந்து 32 வரை நிற்கும்.

சூடானால் எந்தத் திரவமும் விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும். லேக்டோமீட்டரை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கென்றுதான் அளவிட்டு விற்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸ், பழைய மாடல் என்றால் 15.5. கண்ணாடித் தண்டிலேயே எழுதியிருக்கும், பாருங்கள். மாட்டின் மடியிலிருந்து வரும் பால் 38 டிகிரி சூட்டில் இருக்கும், வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்ச் சேரும்போது 35 என்று வைத்துக்கொள்வோம். 27க்கு மேல் 8 டிகிரி. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் லேக்டோமீட்டர் சுமார் 0.2 குறைத்துக் காட்டும், ஆக 1.6 போயிற்று. எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலாகப் பாலில் இருக்கிற திடப்பொருள்) கணக்குப் போடும்போது லேக்டோமீட்டர் டிகிரியை நாலால் வகுத்து, அதோடு கொழுப்புக்கு ஒரு பங்கையும் சேர்ப்பார்கள். 1.6ஐ நாலால் வகுத்தால் 0.4. உங்கள் பாலில் எஸ்.என்.எஃப். 8.5 இருந்தால் சீட்டில் 8.1 என்று விழும். ரேட் சார்ட்டில் இந்த 0.4 எத்தனை ரூபாய் என்பது எனக்கு முன்னால் உங்களுக்கே தெரியும்.

இதோடு முடியவில்லை. கறந்த உடனே பாலில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் இருக்கும், கொழுப்பும் உருகிய நிலையில் இருக்கும். நேரம் ஆக ஆகக் காற்று வெளியேறும், கொழுப்பு இறுகிச் சுருங்கும், அடர்த்தி மெல்ல ஏறும். இதற்கு ரெக்நாகல் விளைவு என்று பெயரே இருக்கிறது. சூட்டுக்குத் திருத்தம் போட்ட பிறகும் இந்த வித்தியாசம் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதனால்தான் கறந்து ஒரு மணி நேரமாவது ஆகாத பாலுக்கு லேக்டோமீட்டர் விடக்கூடாது என்று பால் பரிசோதனைப் பாடத்திலேயே வருகிறது. காலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற ஐம்பது பேரிடம் ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துத் திருத்தம் சேர்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதைக் கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிகிரி சரியாக இருந்தால் பால் சுத்தம் என்று நினைப்பதும் தவறு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டால் டிகிரி ஏறும், அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டால் பழைய டிகிரிக்கே இறங்கி வந்துவிடும். லேக்டோமீட்டர் ஏமாந்துபோகும். அதற்காகத்தான் கூடவே கொழுப்பும் பார்க்கிறார்கள். பழைய முறை கெர்பர் முறை, சுவிட்சர்லாந்துக்காரர் நிக்லாஸ் கெர்பர் 1890களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. ஒரு முனையில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். பாலைக் குழாயின் ஓரமாக வழியவிட்டு அமிலத்தின் மேல் நிற்க வைக்க வேண்டும், திடுதிப்பென்று ஊற்றினால் கருகிவிடும். மூடிக் குலுக்கினால் குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும், துணி சுற்றித்தான் பிடிப்பார்கள். அமிலம் பாலில் இருக்கிற புரதத்தையெல்லாம் கரைத்துவிடும், கொழுப்பை மட்டும் விட்டுவைக்கும். மெஷினில் வைத்துச் சுற்றினால் காபி நிறக் கரைசலுக்கு மேலே வெளிர் மஞ்சளாகக் கொழுப்பு வந்து நிற்கும், எத்தனை கோடு என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது நிறைய சொசைட்டிகளில் ஒலி அலை விட்டுப் பார்க்கிற மெஷின் வந்துவிட்டது. வேகமாக முடிகிறது, நல்லதுதான். ஆனால் அந்த மெஷினையே கெர்பர் முறையோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சாம்பிள் எடுக்கிற விதத்தையும் கவனியுங்கள். கறக்கும்போது முதலில் வருகிற பாலில் கொழுப்பு கம்மி, கடைசிப் பாலில்தான் அதிகம். கன்றுக்குக் கடைசிப் பாலை விட்டுவிட்டு வந்தால் ஃபேட் குறையத்தான் செய்யும், கன்றுக்கு லாபம். கேனைக் கலக்காமல் மேலாக மொண்டால் ஃபேட் கூடும், அடியில் எடுத்தால் குறையும்.

"எங்க வீட்டு போர் தண்ணிக்கு டி.டி.எஸ். 900 காட்டுது. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் ரெண்டு டம்ளர் வெச்சு, ஒரு கருவியை உள்ளே விட்டு கரண்ட் போட்டார். எங்க தண்ணி கொழகொழன்னு பச்சையும் காவியுமா மாறிடுச்சு, அவர் மெஷின் தண்ணி அப்படியே தெளிவா இருந்துச்சு. இத்தனை நாள் இதையா குடிச்சோம்னு வீட்டுல ஒரே ரகளை."
(திருப்பூர் வாசகர்)

அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை, அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. அந்தக் கருவியில் ஒரு இரும்புக் கம்பியும் ஒரு அலுமினியக் கம்பியும் இருக்கும். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், கடத்தினால் இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் பச்சையும் காவியுமாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் போகாது, கம்பி கரையாது, தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, திரும்பவும் கரண்ட் போடச் சொல்லுங்கள். அதுவும் காவியாகும். அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவாவது ஒரு முறை செய்து பார்க்கலாம்.

டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற திடப்பொருள்களின் மொத்த அளவு. டி.டி.எஸ். மீட்டரும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் யோக்கியமாகச் செய்கிறது. பேனா மாதிரி இருக்கிற அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கிறதை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கிறது, அதை 0.5லிருந்து 0.7க்குள் ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. உண்மையான டி.டி.எஸ். வேண்டுமென்றால் வடிகட்டிய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வற்றவைத்து, 180 டிகிரியில் உலர்த்தி, மிஞ்சுவதை எடை போட வேண்டும். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் மீட்டரை விட்டுப் பாருங்கள், அப்புறம் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். சர்க்கரை மின்சாரம் கடத்தாது, எண் ஏறவே ஏறாது. பூச்சிமருந்து, கிருமி இதெல்லாமும் இப்படித்தான், மீட்டரின் கண்ணில் படாது. ஃபுளோரைடு படும், ஆனால் தொள்ளாயிரத்தில் ஒன்றரை எங்கே தெரியப்போகிறது?

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம். ஃபுளோரைடுக்கு 1, அதிகபட்சம் 1.5. உங்கள் 900 சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு வாயில் வைக்க முடியாமல் இருக்கலாம், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து விஷம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், உங்கள் வீடு நொய்யல் ஓரத்திலோ பழைய சாயப்பட்டறைப் பகுதியிலோ இருந்தால் அந்த 900ல் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடவும் கூடாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும், அப்புறம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற முறையில் பட்டறைகள் திரும்ப ஓடத் தொடங்கியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்தடியில் இறங்கின உப்பு கோர்ட் உத்தரவைப் படித்துவிட்டு மேலே ஏறி வந்துவிடாது.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரங்களில் தண்ணீர் பரிசோதனைக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் அலசக்கூடாது, அவர்களிடமே கிருமி நீக்கின பாட்டில் வாங்கிக்கொண்டு, ஐஸ் வைத்து அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும்.

கடினத்தன்மை பார்ப்பதை வாய்ப்பு கிடைத்தால் நின்று வேடிக்கை பாருங்கள், பார்க்க அழகான சோதனை அது. 50 மில்லி தண்ணீரில் அம்மோனியா பஃபர் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி கொஞ்சம் போட்டால் ஒயின் சிவப்பாகும். பியூரெட் என்கிற அளவுக்குழாயிலிருந்து, கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்கிற ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டவிட்டுக்கொண்டே வந்தால் ஊதாவாகி, ஒரு கட்டத்தில் பளிச்சென்று நீலமாகும். 0.01 மோலார் கரைசல் 18 மில்லி செலவானால் 20ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு 360 மில்லிகிராம் கடினத்தன்மை. சோப்பு நுரைக்காததற்கும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதற்கும் காரணம் அந்த 360.

"பிளஸ் டூ பிராக்டிகல் வருது சார். பிப்பெட்டில் கடைசிச் சொட்டு நின்றால் ஊதக்கூடாது என்கிறார் மேடம், ஒரு அண்ணா ஊதணும் என்கிறார். பெர்மாங்கனேட்டுக்கு ஏன் மேல் மட்டம் பார்க்கணும்?"
(மாணவி, கோபி)

மேடம் சொல்வதைக் கேள் கண்ணு. நீங்கள் வைத்திருக்கிற 20 மில்லி பிப்பெட், வெளியே வடிகிற அளவு 20 மில்லி இருக்கும்படி செய்யப்பட்டது. நுனியில் ஒட்டி நிற்கிற துளியைக் கணக்கில் சேர்க்காமலேதான் கோடு போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு வைத்து, தானாக வடிய விடு. ஊதி வெளியேற்றுவதற்கென்றே வேறு வகைப் பிப்பெட் இருக்கிறது, அந்த அண்ணா அதைப் பார்த்திருப்பார். வாயால் உறிஞ்சுகிற பழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது, ரப்பர் பல்பு கேட்டு வாங்கிக்கொள்.

பியூரெட்டில் ஊற்றுகிற பெர்மாங்கனேட் அடர் ஊதா நிறம், அதன் மட்டத்தின் கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேல் விளிம்பு. தொடக்கத்திலும் மேல் விளிம்பு, முடிவிலும் மேல் விளிம்பு என்று பார்த்தால் கழிக்கும்போது வித்தியாசம் சரியாகவே வரும். ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழும் பார்த்தால்தான் வம்பு.

எல்லாரும் தடுமாறுகிற இடம் எதை எதால் கழுவுவது என்பது. பியூரெட்டை அதில் ஊற்றப்போகிற கரைசலாலேயே அலச வேண்டும், பிப்பெட்டும் அப்படித்தான். கூம்புக்குடுவையை மட்டும் வெறும் வாலைவடிநீரால் கழுவினால் போதும், ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, பிப்பெட்டால் உள்ளே விட்ட ஆக்ஸாலிக் அமிலத்தின் அளவு தண்ணீரால் மாறப்போவதில்லை. குடுவையை ஆக்ஸாலிக் அமிலத்தாலேயே கழுவினால் உள்ளே கூடுதலாகக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், டைட்டர் (செலவாகிற பெர்மாங்கனேட்டின் அளவு) ஏறிவிடும். பியூரெட்டின் மேல் வைத்த புனலை எடுத்துவிடு, அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் 0.05 மில்லி, இரண்டு விழுந்தால் 0.1, உன் இரண்டு அளவுகள் ஒத்துப்போகாது. பியூரெட்டின் மூக்கில் காற்றுக் குமிழ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பி. ஆக்ஸாலிக் அமிலத்தை 60லிருந்து 70 டிகிரி வரை சூடாக்கியும் முதல் சில சொட்டுகளின் நிறம் உடனே போகாமல் நிற்கும், பயந்துவிடாதே. வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே அடுத்தடுத்த சொட்டுகளை வேகப்படுத்தும். பழுப்பு நிறம் வந்தால் கந்தக அமிலம் போதவில்லை என்று அர்த்தம்.

"உயிர் உரப் பாக்கெட்டுல ஒரு கிராமுக்கு 5 கோடி நுண்ணுயிர்னு போட்டிருக்குது. யாருங்க உக்காந்து எண்ணுனாங்க?"
(தென்னை விவசாயி, பொள்ளாச்சி)

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உட்கார்ந்து எண்ணத்தான் எண்ணுகிறார்கள், ஆனால் நூறு இருநூறுதான். ஒரு கிராம் உரத்தை 9 மில்லி சுத்தமான தண்ணீரில் கலக்கினால் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி. அதிலிருந்து 1 மில்லி எடுத்து இன்னொரு 9 மில்லியில் விட்டால் நூறில் ஒன்று. இப்படியே வரிசையாக நீர்க்கவிட்டுப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும், தேவைப்பட்டால் அதற்குமேலும் போவார்கள். கடைசிக் குழாயிலிருந்து 1 மில்லியை பெட்ரி தட்டில் அகார் கூழோடு சேர்த்துவிட்டு, சில நாள் சூட்டில் வைத்தால், ஒற்றை நுண்ணுயிர் விழுந்த இடமெல்லாம் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக முளைத்து நிற்கும். 50 புள்ளி இருந்தால், பத்து லட்சத்தால் பெருக்கினால் 5 கோடி. தட்டில் 30க்குக் கீழே இருந்தால் தற்செயலாகக் கூடிக் குறையும், 300க்கு மேலே போனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் இடைப்பட்ட தட்டுகளைத்தான் எண்ணுவார்கள். பவுடர் உயிர் உரத்துக்கு கிராமுக்கு 5 கோடி என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிற குறைந்தபட்ச அளவு, கம்பெனிக்காரர் பெருமைக்காகப் போட்டுக்கொண்டது இல்லை.

அந்த அகாருக்கு ஒரு கதை உண்டு. 1880களின் தொடக்கத்தில் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள், அது வெயில் வந்தால் உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்துகிற அகாரைப் போட்டுப் பார்க்கலாமே என்று சொன்னார். நம் ஊரில் ரம்ஜான் மாதம் கடல்பாசி என்று பால் ஊற்றிச் செய்வார்களே, அதுதான். சித்திரை மாதப் பொள்ளாச்சியில்கூட உருகாது. மூடி போட்ட தட்டு 1887ல் பெட்ரி கொண்டுவந்தது.

உங்கள் பாக்கெட்டுக்கு வருவோம். அந்த 5 கோடி, லேபில் எண்ணின நாளின் கணக்கு. உயிரோடிருப்பவை மட்டும்தான் முளைக்கும், செத்தது கணக்கில் வராது. கடையில் வாங்கி, வண்டிப் பெட்டிக்குள் போட்டு மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு, அப்புறம் பூஞ்சாணக் கொல்லி கலந்த அதே வாளியிலேயே கலக்கினால் எத்தனை கோடி மிஞ்சும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தேதி பார்த்து வாங்குங்கள், நிழலில் வையுங்கள், சாயங்காலம் போடுங்கள்.

"ரெண்டு லேபுக்குக் கொடுத்தேன். ஒரே மூட்டை விரலி மஞ்சள். ஒருத்தர் குர்குமின் 4 சதவீதம்னு கொடுத்தார், இன்னொருத்தர் 4.5. எது உண்மை?"
(மஞ்சள் வியாபாரி, ஈரோடு)

குர்குமின் என்பது மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற பொருள். இரண்டு எண்ணுமே உண்மையாக இருக்கலாம். முதலில் ரிப்போர்ட்டில் "உலர்ந்த எடையில்" என்று இருக்கிறதா பாருங்கள். மஞ்சளில் ஈரம் 12 சதவீதம் இருந்து, இருந்தபடியே 4 என்றால், ஈரத்தைக் கழித்து 4ஐ 0.88ஆல் வகுத்தால் 4.5க்குக் கொஞ்சம் மேலே வரும். அதே மஞ்சள்தான். அடுத்தது முறை. ஆல்கஹாலில் கரைத்து 425 நானோமீட்டர் நீல ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்ப்பது ஒன்று. அது குர்குமினையும் அதன் இரண்டு பங்காளிகளையும் சேர்த்து ஒரே கணக்காகச் சொல்லும். எச்.பி.எல்.சி. என்கிற பிரித்தறியும் கருவியில் மூன்றையும் பிரித்து அளக்கலாம், குர்குமின் மட்டும் என்று எடுத்தால் எண் குறையும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கின ஈரோட்டு மஞ்சளுக்கு விலை பேசும்போது எந்த முறை, எந்த அடிப்படை என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். சாம்பிளும் மூட்டையின் வாயிலிருந்து நாலு விரலியாக எடுக்காமல் பல மூட்டைகளில் குத்தூசி போட்டு எடுத்து, அரைத்து, கலந்து கொடுங்கள்.

கூடவே கலப்படத்தையும் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள்தூளில் சோடா உப்போ சுண்ணாம்போ போட்டால் சிவக்கும், குங்குமம் அப்படித்தான் வந்தது. அது மஞ்சள் இருக்கிறது என்று காட்டுமே தவிர, வேறு எதுவும் இல்லை என்று காட்டாது. மெட்டானில் மஞ்சள் சாயம் சேர்த்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் இளஞ்சிவப்பாகி, தண்ணீர் ஊற்றினாலும் அந்த நிறம் போகாது. சுத்த மஞ்சளும் அமிலத்தில் சிவக்கலாம், ஆனால் தண்ணீர் விட்டால் போய்விடும். பளபளப்புக்காகப் பூசுகிற லெட் குரோமேட்டுக்கு லேப்தான் வழி. பாத்ரூம் ஆசிட்டை வைத்துக்கொண்டு சமையலறையில் இதையெல்லாம் முயல வேண்டாம்.

"சாப்பிட்ட பிறகு வீட்டு மெஷினில் 162, அரை மணி நேரத்துக்குள் லேபில் 148. எதை டாக்டரிடம் காட்ட?"
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பவானி)

லேப் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், மெஷினைக் குறை சொல்லாதீர்கள். சர்வதேசத் தரப்படி சர்க்கரை 100க்கு மேலே இருக்கும்போது வீட்டு மெஷின் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம். 148க்கு 15 சதவீதம் 22, ஆக 126லிருந்து 170 வரை எது காட்டினாலும் மெஷின் தேர்வுதான். அதோடு, விரல் நுனி ரத்தமும் கையில் ஊசி போட்டு எடுக்கிற ரத்தமும் ஒன்றில்லை. வெறும் வயிற்றில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை அதிகம், கை வழியாகத் திரும்பி வருவதற்குள் தசை கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

லேபில் சாம்பல் மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். அதில் சர்க்கரை குறைவதைத் தடுக்க சோடியம் ஃபுளோரைடு இருக்கும். ரத்த அணுக்கள் குழாய்க்குள் போன பிறகும் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும், சாதாரணக் குழாயில் அப்படியே வைத்தால் மணிக்கு 5லிருந்து 7 சதவீதம் வரை குறையலாம். ஊரில் ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்புகிற இடங்களில் இது முக்கியம். வீட்டில் பார்க்கும்போது மாம்பழம் நறுக்கின கையோடு விரலைக் குத்தாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு.

"லேப் டிப் பையர் ஓகே பண்ணிட்டார் அண்ணா. பல்க்ல ஓட்டினா ஷேடு டார்க்கா வருது. ஓனர் லேப்பைத் திட்டறார், ஃபுளோர் மாஸ்டர் லேப்பைத் திட்டறார்."
(சாயப்பட்டறை லேப் உதவியாளர், திருப்பூர்)

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: பெரிய அளவில் (பல்க்) சாயம் போடும் முன், லேபில் சின்னத் துண்டுத் துணியில் சாயமேற்றி வாங்குபவரிடம் (பையர்) ஒப்புதலுக்குக் காட்டுகிற மாதிரிதான் லேப் டிப். திட்டு லேபுக்குத்தான் வரும், அது தொழில் வழக்கம். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன தம்பி.

முதலில் பிப்பெட். 5 கிராம் துணிக்கு 1 சதவீத ஷேடு என்றால் 0.05 கிராம் சாயம், முன்கூட்டியே கரைத்து வைத்த 1 சதவீத ஸ்டாக் கரைசலில் 5 மில்லி. இதில் யாரும் தப்புப் பண்ணுவதில்லை. மூன்று சாயம் கலந்த ஷேடில் நீலம் 0.05 சதவீதம் என்று வரும்போதுதான் கதை ஆரம்பம். 0.25 மில்லி எடுக்க வேண்டும், 10 மில்லி பிப்பெட்டால் எடுத்தால் பாதிச் சொட்டு இங்கே அங்கே போனாலும் பத்து சதவீதம் போச்சு. ஸ்டாக்கைப் பத்து மடங்கு நீர்த்து 0.1 சதவீதமாக்கி 2.5 மில்லி எடு. ரியாக்டிவ் சாயத்தின் ஸ்டாக் நின்றால் தண்ணீரோடு வினைபுரிந்து வீரியம் குறையும். நேற்றுப் போட்ட ஸ்டாக்கில் லேப் டிப் அடித்திருந்தால், லேபில் சரியாகத் தெரிந்த ரெசிபி பல்க்கில் புதுச் சாயத்தோடு டார்க் அடிக்கும். உன் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது இதைத்தான்.

அடுத்தது லிக்கர் ரேஷியோ, அதாவது ஒரு பங்கு துணிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது. லேபில் 1க்கு 10ல் அல்லது 20ல் அடித்துவிட்டு, பல்க் ஓட்டுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 1க்கு 6ல் ஓட்டினால் தண்ணீர் குறைவு, சாயம் துணியில் அதிகமாக ஏறும், டார்க்காகத்தான் வரும். லேபிலேயே பல்க் ரேஷியோவுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போ, மீதிக்கு உங்கள் மெஷினுக்கென்று ஒரு திருத்தக் கணக்கு வைத்துக்கொள். தண்ணீரையும் பார். லேபில் சாஃப்ட் வாட்டர், ஃபுளோரில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வந்த தண்ணீரும் மீட்டெடுத்த உப்பும் என்றால், கடினத்தன்மையும் காரமும் வேறாக இருக்கும். ஃபுளோரில் ஓடுகிற தண்ணீரிலேயே லேப் டிப் அடிப்பதுதான் நியாயம்.

துணி எடை இன்னொன்று. பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், சாதாரண நிலையில் 8.5 சதவீதம் வரை. ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு 5 கிராம் எடை போட்டால் அதில் பஞ்சு அதிகம், மழைநாளில் எடை போட்டால் கம்மி. அயர்ன் பண்ணின சூட்டோடு ஷேடு பார்ப்பதும் இப்படித்தான், சில சிவப்பும் ஆரஞ்சும் சூட்டில் ஒரு நிறம், ஆறினால் ஒரு நிறம். நிறம் அளக்கிற ஸ்பெக்ட்ரோவில் வைக்கும்போது துணியை நாலாக மடித்து, திருப்பித் திருப்பி நாலு இடத்தில் படித்துச் சராசரி எடு. டெல்ட்டா ஈ (நிற வித்தியாசத்தின் அளவு) ஒன்றுக்குள் இருந்தாலும், பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒத்துப்போய், கடை டியூப் லைட்டுக்கு நிகரான டி.எல்.84ல் பிரிந்தால் பையர் கடையின் டியூப் லைட்டில் அவருக்கு வேறு நிறமாகத்தான் தெரியும். சாயக் கலவையை மாற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

"கழிவுநீர் பிளாண்டில் பி.எச். மீட்டர் எண் நிலையாக நிற்பதே இல்லை. எலக்ட்ரோடை டிஸ்டில்ட் வாட்டரில்தான் பத்திரமாக வைக்கிறோம்."
(ஆபரேட்டர், பெருந்துறை)

அந்தப் பத்திரம்தான் அதைக் கெடுக்கிறது. டிஸ்டில்ட் வாட்டர் எலக்ட்ரோடுக்குள் இருக்கிற உப்பை வெளியே இழுத்துவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். காய்ந்துபோயிருந்தால் ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே ஊறட்டும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பி.எச். 4, 7, 9.2 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் தினம் சரிபாருங்கள், டம்ளரில் ஊற்றின பஃபரைத் திரும்பப் பாட்டிலில் கொட்டாதீர்கள். 9.2 பஃபர் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்ல இறங்கும், பாட்டிலைத் திறந்து வைக்கக்கூடாது. பி.எச். கணக்கை 1909ல் சோரன்சன் கொண்டுவந்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில், 1934ல் பெக்மன் தன் மீட்டரை முதலில் செய்து கொடுத்தது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பைப் பார்க்க. உங்கள் பிளாண்ட்டுத் தண்ணீர் இரண்டையும்விட முரட்டுத்தனமானது, சாயமும் எண்ணெயும் கண்ணாடிக் குமிழில் படியும், வாரம் ஒரு தரம் நீர்த்த அமிலத்தில் கழுவுங்கள். 7க்கும் 4க்கும் நடுவே மீட்டர் காட்டுகிற ஸ்லோப் (எலக்ட்ரோடின் உணர்திறன்) 85 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், கழுவிப் பிரயோஜனமில்லை, புது எலக்ட்ரோடு வாங்கிவிடுங்கள்.